திரை இரசிகர் உரையாடல்: ஒரு சமூக நோக்கு

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் படத்தையும் அதனைப் படைத்தோரையுமே நோக்குவன. படம் பார்த்துத் திரும்புவோர் வழிநெடுகத் தம்முட் பேசிக்கொள்ளும் பேச்சு அத்துணைக் கவனம் பெற்றதில்லை. அதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடல் பொருந்துமா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினாவாகும். எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோரின் இரசிகரிடையே நிகழ்ந்த நெடிய விவாதத்தைச் சான்றாகக் கொள்வோம்.

இவ்விருவரும் இணைந்து நடித்த படம் ‘கூண்டுக்கிளி’ (1954) ஒன்றே. பின்னர் இருவரும் இரு துருவங்களாயினர். 1964ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று ‘கர்ணன்’, ‘வேட்டைக்காரன்’ என்னும் படங்கள் ஒருசேர வெளிவந்தன. எதனை முதலிற் பார்த்தாய் என்ற வினாவே ஒருவர் எக்கட்சியினர் என்பதைக் காட்டப் போதுமானதாயிற்று.

இரு சாராரின் பேச்சும் ஒரே தன்மையதன்று. சிவாஜி இரசிகர் நடை, குரல், கண்ணசைவு ஆகியவற்றை எடுத்துப் பேசுவர். ‘நவராத்திரி’யில் (1964) ஒன்பது வேடங்களையும் அவர் எங்ஙனம் வேறுபடுத்தினார், ‘பாசமல’ரில் (1961) எங்ஙனம் உயிர்துறந்தார் என்பனவே அவர்தம் பொருள். கதை தெரிந்த பின்னரும் மீண்டும் பார்ப்பது இதன்பொருட்டே. கர்ணன் இறப்பான் என்பதை அறிந்தும் கூத்துக் களரியில் விடியும்வரை அமர்ந்திருந்த மரபின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம். இங்கு நடிகன் வேறு, பாத்திரம் வேறு.

எம். ஜி. ஆர். இரசிகரோ, அவர் எப்படி நடித்தார் என்பதினும் என்ன செய்தார் என்பதையே பேசுவர். தாயைப் போற்றியமை, எளியோருக்காகப் போரிட்டமை, திரையிற் குடியையும் புகையையும் பெரிதும் தவிர்த்தமை ஆகியன அவர்தம் வாதங்கள். திரைக்கு வெளியே அவர் அளித்த கொடைகளும் இவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டன. பாத்திரத்தின் குணமே நடிகரின் குணமாயிற்று.

இவ்வேறுபாட்டின் விளைவு பின்னர்ப் புலனாயிற்று. எம். ஜி. ஆர். 1972இற் கட்சி தொடங்கி 1977இல் முதலமைச்சரானார். சிவாஜி 1988இற் கட்சி தொடங்கி, 1989இல் திருவையாற்றிற் போட்டியிட்டுத் தோற்றார். முன்னவர் தி.மு.க.வில் ஆற்றிய நீண்டகாலப் பணியையும், இரசிகர் மன்றங்களின் அமைப்பு வலிமையையும் நாம் மறுக்கவில்லை. எனினும், நடிப்புக்குத் தலைவணங்கியோர் அதற்காகவே வாக்களிக்க வேண்டியதில்லை. நல்லவரென நம்பியோருக்கோ வாக்களித்தல் அந்நம்பிக்கையின் இயல்பான அடுத்த படியாகும்.

ஈழத்து நிலை இன்னொரு கோணத்தைக் காட்டுகின்றது. எம். ஜி. ஆர். 1917இல் நாவலப்பிட்டியிற் பிறந்தவர்; 1965இல் இலங்கைக்கு வருகை தந்தவர். இவ்வுரிமையுணர்வு இருப்பினும், இங்குள்ளோர்க்கு அவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்திலும் அவ்விவாதம் சூடாகவே நடந்தது. எனவே, அரசியல் ஆதாயம் மட்டும் அதன் உயிர்நாடியன்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது ஆற்றுகைக் களம் படமாளிகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது குலமன்று, கொடுக்கும் பணமே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டியுள்ளார். படமாளிகையின் இச்சமத்துவம் கலரியிலிருந்து இறங்கியதும் முடிந்துவிடவில்லை. உரையாடலிலும் ஓரளவு நீடித்தது என்பது எமது கருத்து. அவ்வுரையாடலில் மும்முறை படம் பார்த்தவனே பண்டிதன். அவனது கல்வியோ குடும்பமோ அங்கு வினவப்படுவதில்லை. கலையெது, அறமெது என்பனவற்றைப் பொதுமக்கள் தம் சொற்களில் தீர்ப்பிட்ட மன்றமாக அது விளங்கிற்று.

அப்பேச்சு ஏட்டில் ஏறாதது. அதனிற் பங்குகொண்ட தலைமுறையோ முதுமையெய்திவிட்டது. படச்சுருள்கள் எங்கேனும் காக்கப்படலாம். அவற்றைக் கண்டோரின் சொற்கள் அவர்களோடு மறையும். தத்தம் ஊர் முதியோரிடம் சென்று இவற்றைக் கேட்டுப் பதிவுசெய்தல் எம் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அப்பணி காலந் தாழ்த்தற்குரியதன்று.