மஞ்சள் அடித்த அட்டை வண்டி

போன வருடம் அக்டோபர் முழுவதும் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. அக்டோபர் 31 மாலையில் பிள்ளைகள் மாறுவேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற பண்டிகை ஹாலோவீன். முந்தைய வருட ஹாலோவீனுக்குக் கடையில் வாங்கிய பூசணிக்காய் உடையை அவனுக்குப் போட்டுவிட்டிருக்கிறார்கள். கழுத்து உறுத்தி, பத்து நிமிடத்தில் அழுது கழற்றிப் போட்டுவிட்டானாம். "இந்த வருஷம் அவனுக்கு வேஷம் வேண்டாம்மா, வேகனுக்குப் போடுவோம்" என்றாள் மகள்.

வேகன் என்பது கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் போகிற நாலு சக்கர வண்டி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். அங்கே சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். அதைச் சுற்றி அட்டையால் ரயிலோ கப்பலோ கட்டிவிட்டால் குழந்தை தன் குளிர்ச்சட்டையோடு உள்ளே உட்கார்ந்துகொள்ளும். உடை தடுக்கி விழாது, தூக்கம் வந்தால் அங்கேயே சாய்ந்துகொள்ளும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இதைவிட நல்ல மாறுவேடம் கிடையாது என்பது என் முடிவு. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அங்குள்ள பெற்றோர் இப்படித்தான் நாற்காலியையே கப்பலாக, கோட்டையாகக் கட்டித் தருகிறார்கள்.

நாங்கள் முதலில் கட்டியது நீராவி ரயில். மூன்று இரவு உட்கார்ந்து, முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்து, புகைபோக்கி வைத்து, பார்க்க அச்சு அசலாக இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அவனை உட்காரவைத்து வெள்ளோட்டம் விட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நாலு வீடு தாண்டியதும் மாப்பிள்ளை மட்டும் தெரிந்தார். அவர் பின்னால் வண்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு வீட்டிலிருந்து பெரிய கார் ஒன்று பின்பக்கமாகத் தெருவுக்கு இறங்கியது. அதன் சிவப்பு விளக்கு பட்டபோதுதான் ரயில் கண்ணில் தென்பட்டது. கார் நின்றுவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மாறுவேடம் தைப்பது பற்றி எழுதச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைக் கேட்டார்கள். எனக்கு அதைவிட வெளிச்சத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் சாலை மரணங்களை எடுத்துக்கொண்டு, ஹாலோவீன் மாலையை அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் மாலைகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நடந்து போகிறவர்கள் வண்டியில் அடிபட்டு இறக்கும் அபாயம் அன்று 43 சதவீதம் கூடுகிறது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு. நியூஜெர்சியில் அக்டோபர் 31 அன்று ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. பிள்ளைகள் மிட்டாய்ப் பையோடு தெருவுக்கு வருகிற நேரமும், வேலை முடிந்து கார்கள் வீடு திரும்புகிற நேரமும் அதுவேதான். வேகனில் உட்கார்ந்த குழந்தையின் தலை தரையிலிருந்து இரண்டரை அடி இருந்தால் பெரிது. இன்றைய பெரிய கார்களின் முன்மூடி அதற்கும் மேலே இருக்கிறது.

"அத்தை, ஸ்கூல் பஸ்ஸா மாத்திடலாமா? அதைப் பார்த்தாதான் இவன் கை தட்டுறான்" என்றார் மாப்பிள்ளை. அவர் பிள்ளையின் ஆசைக்காகச் சொன்னார், எனக்கோ அந்த நிறமே போதுமானதாக இருந்தது. 1939இல் நியூயார்க்கில் பள்ளி வாகனங்களுக்குப் பொதுவிதி வகுக்க நடந்த மாநாட்டில்தான் அந்த ஆரஞ்சு கலந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்கள். விடிந்தும் விடியாத வேளையில், பொழுது சாயும் நேரத்தில், மஞ்சள் மேல் எழுதிய கறுப்பு எழுத்துதான் தெளிவாகப் படிக்க வருகிறது என்பது காரணம்.

கறுப்பின் மேல் மஞ்சள் ஏறவே ஏறாது. வெள்ளை இரண்டு பூச்சு, அதற்கு மேல் மஞ்சள் மூன்று பூச்சு. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் காய்ந்ததும் அப்பளம் மாதிரி வளைந்துகொள்கிறது, அதனால் உட்பக்கமும் ஒரு கை பூச வேண்டும். பக்கவாட்டுக்கு டிவி வந்த பெட்டி, முன்முகத்துக்கு டயப்பர் பெட்டி. அட்டைக்குள் ஓடுகிற வரிகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டினால்தான் சுவர் தொய்யாது. கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டங்குலமாவது தூக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடைபாதையின் ஒவ்வொரு இணைப்பிலும் தட்டும். எங்களை அதிகம் படுத்தியது முன்சக்கரம். கைப்பிடியைத் திருப்பினால் சக்கரமும் திரும்புகிறது, திரும்பும்போது அட்டையில் உரசி வண்டி நின்றுவிடுகிறது. முன்பக்கம் வளைவாக ஒரு கை அகலம் வெட்டி எடுத்த பிறகுதான் சரியானது. அட்டையை வேகனோடு ஜிப் டையால் கட்டினோம், துளையைச் சுற்றி டக்ட் டேப். கூரை வைக்கவில்லை, பிள்ளையின் முகம் எந்நேரமும் தெரிய வேண்டும். இடுப்பு பெல்ட் கட்டாயம். எழுந்து நின்றால் வண்டி குடைசாய்ந்துவிடும்.

பிறகு விளக்கு. மகள் அழகான சர விளக்கு ஒன்று வாங்கி வந்தாள். அதில் இருந்தது பொத்தான் பேட்டரி. அதை நான் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் சதையை அரித்துவிடும். அந்தப் பேட்டரி அறையைப் பிள்ளைகள் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 2022இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. இரண்டு பென்சில் பேட்டரி போடுகிற, மூடியில் திருகாணி உள்ள விளக்காகப் பார்த்து மாற்றிக்கொண்டோம். பஸ்ஸின் நாலு பக்கமும், சக்கரத்திலும், கைப்பிடியிலும் ரிஃப்ளெக்டர் டேப். பின்னால் ஆறடி உயரக் கம்பில் ஆரஞ்சு சைக்கிள் கொடி. காரின் முன்மூடிக்கு மேலே தெரிவது அந்தக் கொடிதான்.

கடை உடையிலும் டேப் ஒட்டலாமே என்பவர்கள் உண்டு. ஒட்டலாம், தாராளமாக.

அன்று ஐந்தரைக்கே கிளம்பி, வாசல் விளக்கு எரிகிற வீடுகளுக்கு மட்டும் போனோம். படிகளில் மெழுகுவத்தி ஏற்றிய பூசணிகள் இருந்ததால் அட்டை பஸ்ஸை நடைபாதையிலேயே நிறுத்திவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள் மகள். கெட்டி மிட்டாய் அவன் வயதுக்குத் தொண்டையில் அடைக்கும். நீலப்பச்சைப் பூசணி வைத்த ஒரு வீட்டில் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகத் தின்பண்டம் அல்லாத பொருளும் வைத்திருக்கிறோம் என்பதற்கு அந்தப் பூசணி அடையாளம். ஏழு மணிக்குள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டான்.

வேகன் கட்டப் போகிற அப்பா அம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பண்டிகைக்கு முந்தின நாள், இருட்டிய பிறகு, காலி வண்டியைத் தெருவோரம் நிறுத்துங்கள். ஒருவர் நூறடி தள்ளி காரில் உட்கார்ந்து விளக்கைத் தாழ்த்திப் போட்டுப் பாருங்கள். வண்டி உடனே கண்ணில் படவில்லை என்றால், இன்னொரு சுற்று டேப் ஒட்டாமல் பிள்ளையை அதில் ஏற்றாதீர்கள்.