கடைசி ரயிலும் ஆறு கோல்களும்

ரயில் திருச்சூரில் நின்றபோது கழுத்தில் கிடந்த நீலத் துண்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பயம் என்று சொல்ல மாட்டேன், முன்ஜாக்கிரதை. பெட்டிக்குள் ஏறியவர்களில் பாதிப் பேர் மஞ்சள் பனியன். ஒருவர் மடியில் கைக்குழந்தை. அதற்கும் மஞ்சள் சட்டை. கால்பந்து வீரர் ஐ.எம்.விஜயன் பிறந்த ஊர் திருச்சூர். அங்கே கால்பந்துச் சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறுவதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

2023 நவம்பர் 29, புதன்கிழமை. கொச்சி கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் மஞ்சள் சட்டை கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் நீலச் சட்டை சென்னையின் எஃப்.சி.க்கும் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் ஆட்டம். இரவு எட்டு மணிக்குத் தொடக்கம். நான் கோயம்புத்தூர்க்காரன். சென்னை 500 கிலோமீட்டர், கொச்சி 200-க்கும் குறைவு. ஆகவே என் அணியை அது எதிரணி ஊருக்கு வரும்போது பார்ப்பதுதான் எனக்குக் கட்டுப்படியாகும்.

ஒன்றாகப் போவதாக இருந்த நண்பர் கடைசி நேரத்தில் கட்சி மாறினார். “எட்டு மணி மேட்ச் முடிஞ்சு ராத்திரி ரயிலுக்கு எவன் காத்துக் கிடக்கிறது? கார்லயே போயிரலாம் வாங்க” என்றார். எனக்கு ரயிலில் டிக்கெட் போட்டாகிவிட்டது. அவர் காரில், நான் ரயிலில். யாருக்கு லாபம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆலுவாவில் மஞ்சள் கூட்டத்தில் பெரும்பகுதி இறங்கிவிட்டது. எர்ணாகுளம் இன்னும் வரவில்லையே என்று எனக்குக் குழப்பம். விஷயம் இதுதான்: கொச்சி மெட்ரோ ஆலுவாவில்தான் தொடங்குகிறது. அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்; உட்கார்ந்தபடியே ஸ்டேடியம் வாசலில் இறங்கலாம். எனக்கு அந்த விவரம் தெரியாது. எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷன் வரை போனேன். கொச்சிக்காரர்கள் அதை ‘நார்த்’ என்பார்கள். வெளியே வந்து ஒரு டீ, இரண்டு பழம்பொரி, இன்னொரு டீ. அந்த இரண்டாவது டீக்கு நான் கொடுத்த விலை பின்னால் வருகிறது.

நார்த் ஸ்டேஷனை ஒட்டியே டவுன் ஹால் மெட்ரோ நிலையம். அங்கிருந்து கலூர், அடுத்தது ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். இரண்டே நிறுத்தம். ரயில் வந்து நின்றபோது ஏற முடியவில்லை. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் ஒரு சேட்டன் என் பையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மஞ்சள் சட்டை, கையில் மடித்த குடை. கதவு சாத்தியதும் பையின் ஜிப் வழியாக எட்டிப் பார்த்த நீலத்தைக் கவனித்துவிட்டார்.

“சென்னையா?”

“கோயம்புத்தூர், சேட்டா.”

“அப்போ பாதி மலையாளி. பேடிக்கண்டா” என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். பெட்டியே சிரித்தது.

மெட்ரோ வருவதற்கு முன் இந்த ஸ்டேடியத்துக்கு வருவது எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன். 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது கலூர்ச் சாலையில் மெட்ரோவுக்கான தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சாலையின் நடுவில் தடுப்பு, இரு பக்கமும் பஸ், அதற்கிடையே ஸ்டேடியத்துக்கு நடக்கும் மஞ்சள் கூட்டம். ஆட்டம் முடிந்து பஸ் பிடிக்க இடப்பள்ளி வரை நடந்த நாளும் உண்டு என்றார் சேட்டன்.

2017 ஜூன் 17-ல் மெட்ரோவைத் திறந்துவைத்தார்கள். ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரைதான். ஸ்டேடியம் அதற்கு அடுத்த நிறுத்தம்! கல்யாண மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னால் இறக்கிவிட்ட கதை. அக்டோபர் 3-ல் தடத்தை மகாராஜாஸ் கல்லூரி வரை நீட்டினார்கள். நான்கே நாளில், அக்டோபர் 7-ம் தேதி, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் பிரேசிலும் ஸ்பெயினும் இதே ஸ்டேடியத்தில் மோதின. ஒரு ரயில் நிலையம் இவ்வளவு சரியான நேரத்துக்குத் திறந்தது நம் நாட்டில் அபூர்வம்தான்.

நிலையத்தில் இறங்கினால் சுவரெல்லாம் விளையாட்டு. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதில் பெண்களே முன்னால் நின்றார்கள். கொச்சி மெட்ரோவில் இத்தகைய வேலைகளுக்குக் குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்களை எடுத்திருக்கிறார்கள். கையை நீட்டி ஒரு அதட்டுப் போட்டால் நூறு பேர் நின்றார்கள். படிக்கட்டில் இறங்கி, சாலைக்கு வந்து, கேட்டைத் தேடி, சோதனை வரிசையில் நின்று, கேலரிக்கு ஏறும் படிகளில் நான் கால் வைத்த நேரத்தில் ஸ்டேடியத்துக்குள் திடீரென்று ஒரு நிசப்தம்.

அதுவரை காதைக் கிழித்த ‘மஞ்ஞப்பட’ ரசிகர்களின் தாளம், யாரோ சுவிட்சை அணைத்ததுபோல நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. முதல் நிமிடத்திலேயே ரஹீம் அலி எங்கள் அணிக்குக் கோல் அடித்திருந்தார். அதைப் பார்க்கத்தான் நான் 200 கிலோமீட்டர் வந்தேன். படிக்கட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது டீயின் விலை அதுதான்.

பிறகு நடந்ததை எல்லாம் பார்த்தேன். 11-வது நிமிடத்தில் டிமித்ரியோஸ் டயமான்டகோஸ் பெனால்டியில் சமன் செய்தார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், 13-ல் இந்தப் பக்கம் ஒரு பெனால்டி. அடித்தவர் ஜோர்டான் மரே, முன்பு கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடியவர்! 24-ல் அவரே இன்னொன்று. 3-1. பக்கத்து இருக்கைப் பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். 38-ல் பெப்ரா ஒன்றைத் திருப்பினார். 59-ல் மீண்டும் டயமான்டகோஸ். 3-3. அதற்குப் பிறகு கோல் இல்லை, ஆனால் யாரும் உட்காரவும் இல்லை.

காரில் வந்த நண்பர் எங்கே? அவர் ஐந்து மணிக்கெல்லாம் கொச்சி எல்லைக்குள் வந்துவிட்டார். வண்டியை நிறுத்த இடம் தேடி ஸ்டேடியத்தை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார். கலூர் ஸ்டேடியத்தின் கேலரிக்கு அடியில் சுற்றிலும் கடைகள். நாளெல்லாம் நடமாட்டம் உள்ள இடம். கடைசியில் எங்கோ உள்ளடங்கிய தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்து சேர்ந்தபோது ஆட்டத்தில் அரை மணி நேரம் முடிந்திருந்தது. 80-வது நிமிடத்தில், ‘டிராஃபிக்குக்கு முன்னாடி கிளம்பிடறேன்’ என்று வாட்ஸ்அப் அனுப்பினார். ஆறு கோல்களில் அவர் பார்த்தது இரண்டு. நான் பார்த்தது ஐந்து.

ஸ்டேடியத்துக்கு வருவதில் பெரிய சிக்கல் இல்லை. ஆறு மணிக்கு ஒருவன், ஏழுக்கு ஒருவன், என்னைப்போல ஏழே முக்காலுக்கு ஒருவன் என்று கூட்டம் இரண்டு மூன்று மணி நேரத்தில் பரவி வருகிறது. போகும்போதுதான் எல்லாரும் ஒரே நிமிடத்தில் எழுந்திருக்கிறார்கள். கொச்சி மெட்ரோ ரயிலுக்கு மூன்று பெட்டிகள். நெருக்கி நின்றால் 975 பேர் கொள்ளும். ஏழு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு திசைக்கும் சேர்த்து மணிக்குப் பதினாறாயிரம் பேர், பதினேழாயிரம் பேர். ஸ்டேடியத்தில் நாற்பதாயிரம் பேர் அமரலாம். எல்லாரும் மெட்ரோதான் என்று அடம்பிடித்தால் கடைசி ஆள் ஏற இரண்டரை மணி நேரம் ஆகும்.

இந்தக் கணக்கில் கோட்டைவிட்ட பெரிய ஊர்களும் உண்டு. 2014 பிப்ரவரி 2-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சூப்பர் பவுல் நடந்தது. அது அவர்கள் ஊர் ஃபுட்பால், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனால் கூட்டம் கூட்டம்தானே. கார் நிறுத்துமிடத்தைக் குறைத்து, ‘பொதுப் போக்குவரத்தில் வாருங்கள்’ என்று ஊரெல்லாம் சொன்னார்கள். ரயிலுக்கு அதிகபட்சம் 15,000 பேர் வருவார்கள் என்று கணக்கு. முடிந்து திரும்பும்போது 30,000 பேருக்கு மேல் வந்து நின்றார்கள். ‘கொஞ்ச நேரம் ஸ்டேடியத்துக்குள்ளேயே இருங்கள்’ என்று ஒலிபெருக்கியில் கெஞ்ச வேண்டியதாயிற்று. சொன்ன பேச்சை ஜனங்கள் கேட்டதுதான் அங்கே நடந்த தப்பு!

லண்டனில் இதற்கு வேறு வழி. வெம்பிளி ஸ்டேடியம் 90,000 பேர் கொள்ளும். ஆட்டம் முடிந்து வெம்பிளி பார்க் நிலையத்துக்கு நடக்கும் அகலமான பாதையிலேயே கூட்டத்தை மடக்கி மடக்கி நிறுத்துவார்கள். ஒரு கும்பல் நகர்ந்தபின் அடுத்த கும்பல். நெரிசலைப் பிளாட்பாரத்துக்கு வரவிடாமல் தெருவிலேயே தீர்த்துவிடுவது. அதே லண்டனில் அர்செனல் அணியின் மைதானத்தை ஒட்டிய சுரங்க ரயில் நிலையத்தின் பெயரே 1932-ல் ‘அர்செனல்’ ஆயிற்று. அதற்காக விடாமல் நச்சரித்தவர் அணியின் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன். விளம்பரம் எங்கே கிடைக்கும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்த மனிதர்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஜெர்மனி செய்வது. அங்கே பல பெரிய கிளப்புகளின் ஆட்ட டிக்கெட்டே அன்றைய உள்ளூர் ரயில், டிராம், பஸ் டிக்கெட்டும் ஆகிவிடும். 2024 யூரோ கோப்பையின்போது டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு 36 மணி நேரம் உள்ளூர்ப் பயணம் இலவசம். டிக்கெட் கவுன்ட்டரில் வரிசை இல்லை, சில்லறைத் தகராறு இல்லை. நம் ஊரும் இதை அறியாததல்ல. 2023 ஐ.பி.எல். சீசனில் சேப்பாக்கம் ஆட்ட டிக்கெட்டைக் காட்டிச் சென்னை மெட்ரோவில் போக முடிந்தது. கிரிக்கெட்டுக்கு முடிந்தது கால்பந்துக்கு ஏன் முடியாது? சென்னை நேரு ஸ்டேடியம் சென்ட்ரலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. புறநகர் ரயிலும் பக்கம், சென்ட்ரல் மெட்ரோவும் பக்கம். இந்தியாவில் இவ்வளவு வசதியான இடத்தில் இருக்கும் கால்பந்து மைதானங்கள் அதிகம் இல்லை.

எங்கள் ஊரிலும் ஒரு நல்ல காலம் இருந்தது. 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்.சி. தன் ஆட்டங்களைக் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். டவுன் பஸ்ஸில் போய் இந்திய சாம்பியனைப் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தேன். கண்டக்டர் ஸ்கோர் கேட்டார். அந்த அணி இன்று இல்லை, பஸ் ஓடுகிறது.

கொச்சிக்கு வருவோம். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் நிலையத்தின் படிக்கட்டு வரை மனிதத் தலைகள். வரிசையின் வாலைத் தேடிக்கொண்டிருந்தபோது அதே சேட்டன். அவர் ஆலுவாவுக்குப் போக வேண்டும். ஆனால் வரிசையில் நிற்காமல் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார்.

“நார்த்துக்கா? என்கூட வா மோனே. இங்க நின்னா பதினொண்ணு ஆகும்.”

அவர் கணக்கு எளிது. ஆலுவா போகும் ரயில் ஸ்டேடியத்துக்கு முன் கலூரில் நின்றுதான் வரும். ஒரு கிலோமீட்டர் பின்னால் நடந்து கலூரில் ஏறிவிட்டால், ஸ்டேடியத்தில் முண்டியடிக்கும் கூட்டத்தை உள்ளே இருந்தபடி பார்க்கலாம். எனக்கோ நார்த் ஸ்டேஷன் அதற்கும் அரை கிலோமீட்டர் தள்ளித்தான். பொதுப் போக்குவரத்தைப் பற்றி எழுத வந்தவன் அந்த இரவில் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரை நடந்தே கடந்தேன். நடக்கத் தோதான தூரத்தில் அடுத்தடுத்து நிலையங்கள் இருப்பதுதான் கலூரின் பெரிய பலம் என்று அப்போது தெரிந்தது. கூட்டத்தை ஒரே வாசலில் அடைக்காமல் நான்கு பக்கமும் சிந்தவிடலாம்.

நடந்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும். கன்னத்தில் பூசிய மஞ்சள் வியர்வையில் வழிந்திருந்தது. சின்னவள் மூன்றாவது கோலை நடித்துக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தாள். மணி பத்தரை. வழக்கமாக மெட்ரோ ஓய்ந்துவிடும் நேரம். ஆட்ட இரவுகளில் பதினொன்றைத் தாண்டியும் ஓட்டினார்கள். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. தெரியாதிருந்தால் அவர்கள் மூவரும் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். இரவு ஆட்டத்துக்கு ஆண்கள் எப்படியும் வந்துவிடுவார்கள், பைக்கில் மூன்று பேராக. குடும்பம் வருமா என்பதைக் கடைசி ரயில்தான் முடிவு செய்கிறது.

கலூர் நிலையத்தில் சேட்டன் விடைபெற்றார். “அடுத்த தடவை நீலத்தை வெளியிலேயே போட்டுட்டு வா” என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

நள்ளிரவு தாண்டி வந்த ரயிலில் ஏறிப் படுத்தேன். நேர்மையாகச் சொன்னால் நண்பர்தான் எனக்கு ஒரு மணி நேரம் முன்னால் வீடு சேர்ந்தார். தூங்காமல், வாளையாறு வழியாகத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு, இரண்டு கோல்களுடன்.

ஐ.எஸ்.எல். கிளப்புகளுக்கும் மெட்ரோ நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிக்கெட்டில் கேட் எண்ணைப் போடுகிறீர்கள், இருக்கை எண்ணைப் போடுகிறீர்கள், தண்ணீர் பாட்டில் கூடாது என்று பத்து வரி போடுகிறீர்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அன்றைய கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அதில் அச்சடியுங்கள்.