பாதிக் கிணற்றில் பி.எட்.

வாடகைக் கட்டடத்தில் இயங்கும் சிறிய தனியார் பள்ளி. பிரார்த்தனை முடிந்ததும் சாக்பீஸும் வருகைப் பதிவேடுமாக வகுப்புக்குள் நுழைகிறார் முப்பது வயது கடந்த ஆசிரியை. இந்தியாவின் எந்த நகரத்திலும் இவரைப் பார்க்கலாம். பட்டதாரி. பல வருடங்களாகக் கணக்குச் சொல்லித் தருபவர். ஆனால் பி.எட். இல்லை. அது இல்லாதவரை அரசு உயர்நிலைப் பள்ளி வேலை எட்டாக் கனி. இருக்கும் பள்ளியிலும் நிர்வாகம் வைத்ததுதான் சம்பளம்.

நகையை அடகு வைத்து ஒரு தனியார் கல்லூரியில் சேர்கிறார். முதலாண்டு முடிவதற்குள் பணம் கரைந்துவிடுகிறது. அப்போதுதான் அந்த யோசனை பிறக்கிறது: இரண்டாம் ஆண்டை மட்டும் கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில் முடித்தால் என்ன?

நியாயமான யோசனைதான். ஆனால் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறுவதற்கே பொதுவாக இரண்டு முதல்வர்களின் சம்மதமும் பல்கலைக்கழக அனுமதியும் வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாகக் காலியிடம் வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிகள்படி ஒரு பிரிவுக்கு 50 பேர்தான். அங்கே யாராவது பாதியில் நின்றால்தான் இடம். வேறு பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் மறுபடி முதலாண்டிலிருந்தே ஆரம்பம். பணம் சேரும்வரை நிறுத்தி வைக்கலாம் என்றால், சேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை கட்டாயம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 16 வாரம், கல்லூரி ஒதுக்கும் பள்ளியில் பாடம் நடத்திப் பழக வேண்டும். தினமும் பாடம் நடத்துகிறவர், பாடம் நடத்திப் பழகுவதற்காகச் சம்பளமில்லா விடுப்புக் கேட்கும் விநோதம் இது. சிறிய பள்ளிகளில் நான்கு மாத விடுப்பு என்றால் ராஜினாமா என்றே அர்த்தம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று கொண்டால், பயிற்சிக் காலத்தில் மட்டும் 48,000 ரூபாய் போகிறது. கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை அதுவே விழுங்கிவிடும்.

அதிகக் கட்டணம் வாங்கும் சில கல்லூரிகள் உண்மையில் விற்பது இந்த வருகைப் பதிவைத்தான். வட மாநிலங்களில் இதற்கு ‘நான் அட்டெண்டிங்’ என்று பெயரே உண்டு. பணம் கட்டினால் போதும், வகுப்புக்கு வர வேண்டாம். விதிக்குப் புறம்பானது என்பது எல்லோருக்கும் தெரியும். வேலையை விட முடியாதவருக்கு மலிவான கல்லூரியைவிட இது கட்டுப்படியாகிறது என்பதுதான் கொடுமை. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் தனியார் கையில் இருப்பதை, உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா கமிஷன் 2012இல் சுட்டிக்காட்டியது.

தபால் வழிப் படிப்பு? ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் பி.எட். பட்டங்களை அள்ளி வழங்கின. தரம் கெட்டதால் பிடி இறுகியது. இன்று இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.எட்.டில் சேர, ஏற்கெனவே முறையான ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். முடிக்க 5 ஆண்டுவரை அவகாசம் தரும் இந்தப் படிப்பு, பயிற்சியே இல்லாமல் பாடம் நடத்துபவருக்குக் கிடையாது. அவசியம் யாருக்கு அதிகமோ அவருக்கே கதவு மூடியிருக்கிறது. 2014 விதிகளில் 3 ஆண்டு பகுதிநேர பி.எட். ஒன்று உண்டு, நடத்தும் கல்லூரிகள் அபூர்வம்.

அரசு நினைத்தால் முடியாததல்ல. கல்வி உரிமைச் சட்டத்தை 2017இல் திருத்தி, பயிற்சி பெறாத தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2019 மார்ச் 31 வரை கெடு கொடுத்தபோது, 10 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலையில் இருந்தபடியே தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் டிப்ளமோவில் சேர்ந்தார்கள். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு அப்படியொரு ஏற்பாடு வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி, படித்த பாடங்களின் கணக்கை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச்செல்ல உதவும். காலியிடத்தையும் விடுப்பையும் அது தராது.

கட்டிய பணம் திரும்புமா? மானியக் குழுவின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை. அந்த நாள் கடந்து 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் பாதி, அதன் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. முதலாண்டு முடிந்து மாறுகிறவர் உரிமையோடு கேட்டு வாங்கக்கூடியது அந்தச் சான்றிதழ்களைத்தான்.