கோடியக்கரை போறோமா? குரங்குக்குத் தீனி வேண்டாம்!

குழுவில் சுற்றுலாப் பேச்சு எடுத்தாலே கோடியக்கரையும் வந்துவிடும். வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள இந்தக் காடு 1967-இல் சரணாலயமானது. வெளிமான் பார்க்கத்தான் நாம் போவோம். ஆனால் கூண்டு, கம்பி இல்லாமல் குரங்குக் கூட்டத்தைப் பார்ப்பதும் அதற்குக் குறைந்ததல்ல.

தலையில் தொப்பி வைத்தாற்போல் முடியிருக்கும் நாட்டுக் குரங்கு இது. கன்னத்துக்குள்ளே பை உண்டு. பாலைப்பழம், நாவல்பழத்தை அதில் அடக்கிக்கிட்டுப் போய், வேறு இடத்தில் மென்று கொட்டையைத் துப்பும். காடு பரவ அதுவும் ஒரு வழி.

நாம் முறுக்கும் வாழைப்பழமும் போட்டால்? பழம் தேடுறதை விட்டுட்டு ரோட்டோரம் வந்து உட்காரும், வண்டியில் அடிபடும். அப்புறம் பையைக் கண்டாலே பிடுங்கும். அனுமாருக்குப் போடுறது புண்ணியம் என்பார்கள். கோயிலில் கும்பிட்டால் போதாதா?

கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், முறைப்பதாக நினைச்சுக்கும். குட்டி பக்கம் போகவே வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு வைக்காமல் சோப்புப் போட்டு, ஓடுற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான், இலவசம்.

சாப்பாட்டுப் பொட்டலத்தை வேனிலேயே வைத்துப் பூட்டிவிட்டு இறங்குங்கள்.