படியேறும் கூட்டமும் கூடுதல் கணிதமும்

‘எந்திரன்’ படத்தின் உச்சக்கட்டக் காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். சிட்டிகள் கூட்டமாக ஒன்றுசேர்ந்து பந்தாக உருளும், பாம்பாக நெளியும், ராட்சத மனிதனாக எழுந்து நிற்கும். 2010-இல் வெளிவந்த அந்தப் படத்தின் காட்சி ஜாலங்களுக்காக வி. சீனிவாச மோகன் இந்தியாவின் தேசிய விருது பெற்றார். இப்படிப்பட்ட காட்சியில் ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியே கையால் நகர்த்துவது நடக்கிற காரியமா? அதற்குத்தான் கூட்டத்தை இயக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

சுங்கை ரம்பாய் எனது ஊர். பல்கலைக்கழகத்தில் அனிமேஷன் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். “படம் போடுற படிப்புக்குக் கணக்கு எதுக்கு?” என்று ஊரில் பலர் கேட்டதுண்டு. படிவம் நான்குக்குப் பாடம் தேர்ந்தெடுக்கப்போகும் தம்பி தங்கைகளும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

1987-இல் கிரேக் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கர், பறவைக் கூட்டத்தைக் கணினியில் பறக்க வைக்க மூன்றே விதிகள் போதும் என்று காட்டினார். பக்கத்தில் இருப்பவர்மேல் மோதாதே. சுற்றியிருப்பவர்கள் போகும் திசையில் போ. கூட்டத்தை விட்டு விலகாதே. தலைவன் யாரும் இல்லாமலே கூட்டம் அழகாகத் திரும்பும்.

ஆனால் பறவைக்கு வானம் போதும். மனிதனுக்குத் தரை வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பத்துமலையின் 272 படிகளில் தைப்பூசக் கூட்டத்தைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில், ஒவ்வோர் உருவத்திலிருந்தும் ஒரு கற்பனைக் கோடு நேர்கீழே போகும். அது தரையைத் தொடும் இடமே கால் ஊன்றும் இடம். அடுத்து சரிவைப் பார்க்க வேண்டும். தரைக்குச் செங்குத்தாக ஓர் அம்பு நிற்பதாக நினையுங்கள். அந்த அம்புக்கும் நேர்மேல் திசைக்கும் உள்ள கோணம் சமதரையில் 0 டிகிரி, சுவரில் 90 டிகிரி. “45 டிகிரிக்கு மேல் ஏறாதே” என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் கோணத்தின் கோசைன் சுமார் 0.707-க்குக் கீழே போனதும் திரும்பிவிடு என்று எழுதினால் போதும்.

படிக்கட்டில் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு படிக்கும் உடல் வெடுக்கென்று குதிக்கும். அதனால் படிகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத சாய்தளம் ஒன்றைப் போடுவார்கள். உடல் அதன்மேல் சீராக ஏறும். பாதங்கள் மட்டும் உண்மையான படியில் பதியும்.

பாம்பு போல் தரையே நெளிந்தால்? நேர்கீழே போகும் கோடு அங்கே உதவாது. பாம்பின் வயிற்றுப் பக்கத்திலும் ஆட்கள் ஒட்டியிருக்க வேண்டுமே! கணினியில் ஒரு மேற்பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வோர் உருவத்தையும் ஒரு முக்கோணத்தோடு பிணைத்துவிட்டால், அது புரண்டால் உருவமும் சேர்ந்து புரளும்.

இது சினிமாவோடு முடிகிற விஷயமல்ல. 1995-இல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் என்ற இரு ஆய்வாளர்கள், நடந்துபோகும் மனிதர்களின் நகர்வை விசைகளாகக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். எந்த இடத்தில் நெரிசல் வரும், வாசல் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கட்டடம் எழுவதற்கு முன்பே பார்க்க இத்தகைய கணக்குகள் உதவுகின்றன. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறிய குடும்பங்களுக்கு இதன் அருமை புரியும்.

முயன்று பார்க்கக் காசு தேவையில்லை. பிளெண்டர் இலவச மென்பொருள். அதன் துகள் பகுதியில் ரெனால்ட்ஸின் முறை இருக்கிறது. பறக்க, தரையில் நடக்க, பொருள்மேல் ஏற என்று தனித்தனி அனுமதிகள் உண்டு. ஒரு செம்பனை மரத்தைச் செய்து எறும்புகளை ஏற்றிப் பாருங்கள்.

அம்பு என்று மேலே சொன்னது படிவம் நான்கில் வரும் வெக்டர். கோசைன் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததே. அனிமேஷன் படிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளே, வரையும் கையைப் பழக்குங்கள். கூடவே, கூடுதல் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள்.