பழஞ்சின்னங்கள் சட்டத்தின் காவல் பெறுமாறு

பழைய கட்டிடம் ஒன்றைக் காணுமிடத்து, இஃது அரசாங்கத்தின் பாதுகாப்பிலுள்ளது என்று பலர் எளிதிற் கூறிவிடுவர். பழைமை ஒன்றே அப்பாதுகாப்பை முழுமையாகத் தந்துவிடாது. அதனைப் பெறுதற்குச் சட்டம் வகுத்த வழியொன்று உண்டு. அவ்வழியை அறிந்திருத்தல் கற்றோர் கடனாகும்.

இலங்கையில் 1890ஆம் ஆண்டிலே தொல்பொருளாராய்ச்சிக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. எச். சி. பி. பெல் என்பார் அதன் முதல் ஆணையாளராயினார். ஐம்பதாண்டு கழித்து இயற்றப்பெற்ற 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டமே, பின்வந்த திருத்தங்களோடு, இன்றும் இத்துறைக்கு அடிப்படையாகும்.

அச்சட்டம் முதலிற் கேட்பது காலத்தை. 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அந்நாளுக்கு முற்பட்டதாயோ, முற்பட்டதென நம்பப்படுவதாயோ உள்ள சின்னம் புராதன நினைவுச்சின்னம் எனப்படும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்தியமைத்த யாழ்ப்பாணக் கோட்டை இவ்வெல்லைக்குள் எளிதில் அடங்கும். பிற்பட்ட சின்னமாயின், அதற்கென அமைச்சர் வர்த்தமானியிலே தனிக் கட்டளை பிரசுரித்தல் வேண்டும். கட்டிடம் மாத்திரமன்றி மரமும் இவ்வாறு கட்டளையாற் காவல் பெறலாம் என்பது பலர் அறியாத செய்தி.

அடுத்துக் கேட்பது காணியை. அரச காணியாயின் அதனைத் தொல்பொருள் ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யலாம். தனியார் காணியாயின், அங்குள்ள சின்னத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என அமைச்சர் வர்த்தமானி வாயிலாக அறிவிப்பார். நல்லூரிலுள்ள மந்திரிமனையும் சங்கிலியன் தோப்பு வாயிலும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாம்.

இவ்வறிவித்தலாற் காணியின் உரித்து மாறுவதில்லை. ஆயின், உரியவர் தம் விருப்பப்படி அச்சின்னத்தைப் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, அதனோடு புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ இயலாது. தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்யும் திருப்பணியும் இதற்கு விலக்கன்று. கல்வெட்டின்மேற் சாந்து பூசிவிட்டால் ஒரு நூற்றாண்டின் சான்று மறைந்துபோகும். பூசியவர் பக்தி அதனை மீட்டுத் தராது.

இனி நமக்கு அணித்தான ஒன்றைக் கூறுவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கல்லூரி மண்டபங்களும் மடங்களும் தெருமூடிகளும் சுமைதாங்கிகளும் 1815 என்னும் எல்லைக்குப் பிற்பட்டவை. தனிக் கட்டளை பிறவாதவரையில் அவை புராதனச் சின்னங்களாகா. ஒருவரும் கேளாவிடின் அக்கட்டளை பிறத்தலும் அரிது. கேட்பதற்குச் சான்று வேண்டும்: அத்திவாரக்கல், உறுதி, பழைய நிழற்படம், கணக்கேடு, முதியோர் வாய்மொழி. இவை பெரும்பாலும் பழைய மாணவர் இல்லங்களிலேயே கிடக்கின்றன.

வர்த்தமானியில் வரும் ஒரு வரி இடிப்பவன் கையைத் தடுக்கும். ஒழுகும் கூரையை அடைக்காது. ஆகவே சான்றுகளைத் திரட்டி முறைப்படி விண்ணப்பித்தலும், காவல் பெற்றபின் கண்காணித்தலும் ஆகிய இரண்டும் நம் கையிலேயே உள்ளன.