ஒரு நாள் தாமதம் காப்பாற்றும்

‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. வீடியோ அழைப்பில் யாரையும் போலீஸ் கைது செய்ய முடியாது. ‘சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்’ என்று எந்த நீதிமன்றமும் ஒருவருடைய சேமிப்பை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார். யாரைக் கைபேசியில் அழைத்தாலும் முதலில் எச்சரிக்கைக் குரல் கேட்ட மாதங்களும் உண்டு. அதற்குப் பிறகுதான், 2025-இல், ஹரியாணாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறிகொடுத்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களை மிரட்டியவர்கள் காட்டியது அதே நீதிமன்றத்தின் பெயரில் தயாரித்த போலி உத்தரவை. கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், இந்த ஒரு வகை மோசடியில் மட்டும் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் போயிருப்பதை அறிந்து அதிர்ச்சி தெரிவித்தது. டிசம்பரில் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

‘படித்தவர்கள் இப்படி ஏமாறலாமா?’ என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்வியே பிழை. 2024-இல் ஏழு கோடி ரூபாய் இழந்த எஸ்.பி. ஓஸ்வால், வர்த்தமான் என்ற பெரிய ஜவுளிக் குழுமத்தின் தலைவர், பத்மபூஷண் விருது பெற்றவர். 82 வயதில் அவர் முன்னால் வீடியோவில் ஒரு பொய் விசாரணையே நடந்தது. தலைமை நீதிபதியாக ஒருவன் நடித்தான். இங்கே தோற்றது அறிவு அல்ல. மோசடிக்காரர்கள் அழைத்து, உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் குற்றத்தில் சிக்கியிருக்கிறது என்பார்கள். சீருடையில் ஒருவர் வருவார். கேமராவை அணைக்கக் கூடாது, மகனிடம் சொன்னால் அவரும் வழக்கில் சேர்வார் என்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முழு வலையும் இருக்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்து பழகியவர், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வாழ்நாள் சேமிப்பு முழுவதும் வைப்புத்தொகையாக ஒரே வங்கியில் இருக்க, யோசனை கேட்க ஆளில்லாமல் பூட்டிய அறைக்குள் மணிக்கணக்கில் பயத்தில் உட்கார்ந்திருக்கிறார். எப்போதோ கேட்ட எச்சரிக்கை அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. விழிப்புணர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்கிறேன்.

பூட்டிய அந்த அறைக்குள் நுழையக்கூடிய வெளியாள் ஒருவர் உண்டு: வங்கி. பத்து ஆண்டுகளாக ஓய்வூதியம் எடுப்பதும் மின்கட்டணம் கட்டுவதும் தவிர வேறொன்றும் நடக்காத கணக்கிலிருந்து, வைப்புத்தொகையை முன்கூட்டியே முறித்து, வேறு மாநிலத்தில் உள்ள புதிய பெயருக்கு முப்பது லட்சம் ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் போகிறது என்றால் அது கணினிக்குத் தெரியாத விஷயமல்ல. பணம் போய்ச் சேரும் கணக்கும் பெரும்பாலும் கமிஷனுக்காக யாரோ வாடகைக்கு விட்டது. வந்த பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும். ஐதராபாத் போன்ற ஊர்களில், பதற்றத்தோடு வைப்புத்தொகையை முறிக்க வந்த முதியவரிடம் நாலு வார்த்தை பேசியே பணத்தைக் காப்பாற்றிய வங்கி ஊழியர்கள் இருக்கிறார்கள். அந்த நாலு வார்த்தையை ஊழியரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் விதியாக்க வேண்டும். முதன்முறை அனுப்பும் கணக்குக்குப் பெருந்தொகை என்றால் ஒரு நாள் நிறுத்தி வைப்பது, முதியவர் முன்பே பெயர் கொடுத்த ஒருவருக்குச் செய்தி அனுப்புவது, இந்த இரண்டும் போதும். மோசடிக்காரனின் பலம் அவசரம். ஒரு நாள் கிடைத்தால் யாராவது ஒருவர் வீட்டுக்கதவைத் தட்டிவிடுவார்.

‘என் பணம், என் விருப்பம், வயதானதால் என்னைச் சிறுபிள்ளையாக்குவதா?’ என்ற எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் செய்தி பெறும் அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பது முதியவராகவே இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குச் செய்தி மட்டும் போகலாம், கணக்கைத் தொடும் உரிமை கூடாது. சொந்தப் பிள்ளையே பணத்தைப் பறிக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. மருத்துவமனைக்குக் கட்டும் பணம் தாமதமாகாதா என்றால், பதிவு பெற்ற மருத்துவமனைக் கணக்குகளுக்கு விலக்கு அளிப்பது கடினமல்ல. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஏமாறுகிறோம் என்று ஒப்புக்கொள்ளாமல் பணம் அனுப்பத் துடிப்பவரின் கணக்கை முதலில் 30 நாள் வரை முடக்கும்படி வங்கிக்கு உத்தரவிட, 2025 ஜூலை முதல் அங்கே போலீசுக்கு அதிகாரம் உண்டு.

வங்கிகள் இதைத் தாமாகச் செய்யுமா? இழப்பு அவர்களுடையதாக இல்லாதவரை செய்ய அவசரம் காட்டமாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் வெளியார் எடுத்த பணத்தைப் பற்றி மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்றது. மிரட்டலுக்குப் பயந்து தன் கையாலேயே அனுப்பியவர் அந்தப் பாதுகாப்புக்குள் வரவில்லை. பிரிட்டன் 2024 அக்டோபர் முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதித்தது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி ஏற்கின்றன. பணம் திரும்ப வருமென்றால் மக்கள் கவனக்குறைவாகிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். சிறையைக் காட்டி மிரட்டப்படும் எழுபது வயதுக்காரர், இழப்பீட்டுக் கணக்குப் போட்டுவிட்டா பயப்படுகிறார்? வாடகைக் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கியும் பாதி இழப்பைச் சுமக்க வேண்டியிருந்தால், அடுத்த கணக்கைத் திறக்கும்போது இரண்டு முறை விசாரிக்கும்.

விதி மாறும்வரை, நம் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே இரண்டு விஷயம் சொல்லி வைப்போம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகர்கிறது. அடுத்து, எவ்வளவு போயிருந்தாலும் நாங்கள் திட்டமாட்டோம், எங்களிடம் சொல்லுங்கள்.